ஒரு முழம் நாடா

என் மேசையின் இழுப்பறையிலே பழைய இசைக்கருவி ஒன்று கிடக்கிறது. சீட்டுக்கட்டு ஒன்றின் பருமனே உடையது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் கொள்ளளவு 160 ஜிகாபைட் ஆகும். நம் கணக்கிற் சொல்வதானால் பதினாறாயிரம் கோடி பைட்டுகள். நான்கு நிமிடப் பாடல்களாக நிரப்பினால் ஏறத்தாழ நாற்பதாயிரம் பாடல்கள் கொள்ளும். ஊணும் உறக்கமும் ஒழித்து ஒருவன் அவற்றைக் கேட்கத் தொடங்குவானாயின், கேட்டு முடிப்பதற்கு நூற்றுப்பதினொரு நாட்கள் செல்லும். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நினைவில் வந்தது நான் பிறந்த காம்பராவேயாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே அப்பாயி, அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள், கொழுந்துக் கூடை, விறகு, மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டி ஆகிய அனைத்தும் அடங்கின. கொள்ளளவு என்பதைப் பற்றி மலையகத்தானுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கருவியிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதைக் கற்பதற்கு நான் கொடுத்த விலையையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் இசை ஒருபோதும் தனி ஒருவனுடைய உடைமையாய் இருந்ததில்லை. பழைய நாட்களில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பின் ஒலியே என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெருப்பிலே காய்ச்சி இறுக்கிய அத்தோலின் ஓசை பனியைக் கிழித்துக்கொண்டு மலைக்கு மலை செல்லும். கேட்க விரும்புவோர், விரும்பாதோர் என்ற வேறுபாடு அதற்கில்லை. வேலைக்கு அழைத்த அதே தப்புத்தான் திருவிழாவிலும் சாவிலும் ஒலித்தது. பின்னர் வானொலி வந்தது. கொழும்பிலே 1925 டிசம்பரிற் பிறந்த அந்த ஒலிபரப்பு, 1967 இற் கூட்டுத்தாபனமாக மாறிய பின்னரும் எங்களுக்கு ‘ரேடியோ சிலோன்’ ஆகவே இருந்தது. லயத்தில் ஒரு வீட்டில் வானொலி இருந்தால் அதுவே பன்னிரண்டு வீட்டுக்கும் போதும். இஸ்தோப்பில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டால், பீலிக்கரையில் துணி துவைப்பவளும் கேட்பாள். தோட்டத்து முடக்கில் விறகு பிளப்பவனும் கேட்பான். தமிழ்நாட்டில் எடுத்த படத்தின் பாடல் கொழும்பிலிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் சென்றடைந்தது. அதே அலை பாக்கு நீரிணையைக் கடந்து அவர்களுடைய மூதாதையரின் ஊர்களிலும் கேட்டது. அக்கரையும் இக்கரையும் ஒரே நேரத்தில் ஒரே பாடலைக் கேட்ட காலம் அது.

வானொலியின் பின் ஒலிநாடா வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட அச்சிறு பேழை, எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் எங்கள் மலைகளில் ஏறிற்று. அட்டன் நகரிலே பாடல் பதிந்து கொடுக்கும் கடைகளுக்கு, விருப்பமான பாடல்களைக் கொப்பித் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு இளைஞர் செல்வார்கள். சம்பள நாளுக்கு மறுநாள் அக்கடைகளில் நிற்க இடமிராது. நாடாவின் பெருமை அது கேட்பதற்கு மாத்திரம் உரியதன்று என்பதிலேயே இருந்தது. ஒரு சிவப்புப் பொத்தானையும் அதன் அருகிலுள்ள பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், அதுவரை மற்றவர்கள் குரலையே கேட்டுக்கொண்டிருந்த மனிதன் தன் குரலைத் தானே கேட்கலாம். வாசிக்கவும் எழுதவும் அறியாத ஒரு தலைமுறைக்கு அது எழுதுகோல் கிடைத்ததற்கு ஒப்பாகும்.

என் தந்தையார் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். பாட்டில் மிகுந்த பற்றுடையவர். அவர் சேர்த்து வைத்த ஒலிநாடாக்கள் முப்பத்தெட்டு. பிஸ்கற் தகரம் ஒன்றில் அடுக்கி, அதன்மேல் பழைய கம்பளித் துண்டொன்றைப் போட்டு மூடி, அடுப்புக்கு அண்மையிலே வைத்திருப்பார். மலைநாட்டின் ஈரம் நாடாவுக்குப் பகை என்பதை எந்த நூலும் படிக்காமலே அவர் அறிந்திருந்தார். அவற்றுள் பெரும்பாலானவை திரைப்பாடல்கள். சில பக்திப் பாடல்கள். ஒன்று மட்டும் வேறு வகையானது. அதன் முகப்பில் நீல மையினால் ‘மாமா போறது 1981’ என்று எழுதியிருந்தார்.

‘மாமா’ என்றது அப்பாயியின் தம்பியை. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதியான 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்த இலக்கங்களுள் ஓர் இலக்கமாக அவரும், அவர் மனைவியும், நான்கு பிள்ளைகளும் நீலகிரிக்குப் புறப்பட்டார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற அந்தப் புகையிரதத்தை எங்கள் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தார்கள். புறப்படுவதற்கு முந்திய இரவில், கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து, லயத்தார் அனைவரையும் காம்பராவில் கூட்டி, அப்பா அந்த நாடாவைப் பதிந்தார். நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டு அது. மாமா தோட்டத்துக் காமன் கூத்தில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ரதி வேடம் கட்டியவர். மன்மதன் எரிந்த பின் ரதி புலம்பும் பாட்டை அவர் அன்றிரவு வேடமின்றிப் பாடினார். தப்படித்தவர், கும்மி பாடியவர், வாழ்த்துச் சொன்னவர் எல்லாருடைய குரலும் அந்தத் தொண்ணூறு நிமிடத்துள் இருந்தன.

இனி என் கருவியின் கதைக்கு வருகிறேன். நடந்துகொண்டே இசை கேட்கும் வழக்கத்தை 1979 இல் சொனி நிறுவனத்தின் வோக்மன் உலகுக்குத் தந்தது. ஆனால் வோக்மனிற் செல்பவன் ஒன்றிரண்டு நாடாக்களையே உடன் கொண்டுபோக முடியும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலிய ஆய்வாளர்கள் ஒலியைச் சுருக்கும் முறையொன்றை உருவாக்கினர். 1993 இல் அனைத்துலகத் தரமாக வெளியான அம்முறையையே எம்பி3 என்கிறோம். இறுவட்டில் உள்ள இசையை ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்க அது வழி செய்தது. 2001 ஒக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் சிறு வன்தட்டொன்றை உள்ளடக்கிய ஐபொட்டை வெளியிட்டபோது அதன் கொள்ளளவு 5 ஜிகாபைட், ஆயிரம் பாடல்கள். ஆறே ஆண்டுகளில், 2007 இல், அது 160 ஜிகாபைட் ஆயிற்று. வேறு நிறுவனங்களும் பெருங்கொள்ளளவுக் கருவிகளைச் செய்தன. நான் 2010 இல், வேலையில் அமர்ந்து பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அத்தகைய ஒன்றை வாங்கினேன். எந்த நிறுவனத்தினது என்பது இக்கட்டுரைக்கு வேண்டியதன்று.

வாங்கிய புதிதில் எனக்கிருந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பேராதனையிலிருந்து புகையிரதத்தில் ஊருக்குப் போகும் நான், கம்பளை தாண்டியதும் காதொலிப்பான்களைப் பொருத்திக்கொள்வேன். நாவலப்பிட்டியில் கோச்சி மூச்சு வாங்கி மலையேறத் தொடங்கும்போது நாதஸ்வரம். வட்டவளையில் பனி கவியும்போது வீணை. ரொசல்ல தாண்டி அட்டன் நெருங்கும்போது அப்பா கேட்ட பழைய திரைப்பாடல்கள். காதோடு சேர்த்துப் பிடித்தால், அடுத்த பாடலை எடுப்பதற்காக உள்ளே வன்தட்டுச் சுழலும் மெல்லிய ஓசையும் கேட்கும். உயிருள்ள ஏதோ ஒன்று உள்ளே இருப்பதைப் போன்ற மயக்கத்தை அது தரும். சில இடங்களில் இன்றும் கைத்தொலைபேசிக்கு அலை கிட்டுவதற்குப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டிய தோட்டங்கள் உள்ளன. அங்கெல்லாம் இந்தக் கருவிக்கு எவருடைய தயவும் தேவைப்பட்டதில்லை.

மகிழ்ச்சியோடு ஒரு நோயும் தொற்றியது. இடம் இருக்கிறதே என்று நிரப்பத் தொடங்கினேன். நண்பர்களின் கணினிகளிலிருந்தும் இறுவட்டுகளிலிருந்தும், கேட்பேனா மாட்டேனா என்று எண்ணாமலே பாடல்களை வாரிக் கொட்டினேன். மூன்றாம் ஆண்டின் முடிவில் இருபத்தோராயிரம் பாடல்கள் சேர்ந்திருந்தன. எத்தனை தடவை ஒவ்வொரு பாடலும் ஒலித்தது என்ற கணக்கைக் கருவியே வைத்திருக்கும். ஒருநாள் அதைப் பார்த்தேன். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் ஒருதரமேனும் ஒலிக்கவில்லை. அப்பாவின் முப்பத்தெட்டு நாடாக்களிலோ கேட்டுக் கேட்டுத் தேயாத நாடா ஒன்றுகூட இருந்ததில்லை. கொஞ்சம் இருந்தவர் முழுவதையும் கேட்டார். மலையளவு வைத்திருந்த நான் அதன் அடிவாரத்திலேயே உலாவிக்கொண்டிருந்தேன்.

அப்பா 2011 இல் இறந்தார். அந்தியேட்டி முடிந்து விடுமுறை எஞ்சியிருந்த இரண்டு நாட்களில், நாடாக்களை எல்லாம் கணினியில் ஏற்றிக் கருவியிற் சேர்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். முப்பத்தெட்டு நாடாக்களையும் இருந்து கேட்க அந்தக் காலம் போதாது. திரைப்பாடல்களை வேறு வழியிற் பெறலாம் என்று ஒதுக்கிவிட்டு, ‘மாமா போறது’ என்ற அந்த ஒன்றையும் இன்னும் சிலவற்றையுமே பதிந்தேன். கணினித் திரையிலே ஒலி ஒரு மலைத்தொடர் போலத் தெரியும். பாட்டு உள்ள இடங்களில் உயர்ந்த சிகரங்கள். பேச்சும் இருமலும் பாத்திரச் சத்தமும் உள்ள இடங்களில் தாழ்ந்த மேடுகள். நான் காதாற் கேட்கவில்லை. கண்ணாற் பார்த்தே வெட்டினேன். சிகரங்களை வைத்துக்கொண்டு மேடுகளை நீக்கினேன். பாட்டுகள் ஒழுங்காகப் பதினொரு கோவைகளாயின. அவற்றுக்கு இலக்கமிட்டு, பெயரிட்டு, கருவியில் ஏற்றிவிட்டு, ஒரு மகனுக்குரிய கடமையைச் செய்து முடித்தவனாக ஊர் திரும்பினேன். நாடாக்கள் இருந்த தகரத்தை எவரோ அடுப்படியிலிருந்து எடுத்து அட்டத்தில் வைத்துவிட்டார்கள். நானும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவற்றின் சாரம் என் சட்டைப் பையில் இருப்பதாகவே நினைத்தேன்.

எம்பி3 செயற்படும் விதத்தைப் பற்றி அப்போது நான் விரும்பிப் படித்துக்கொண்டிருந்தேன். மனிதச் செவி எல்லா ஒலிகளையும் கேட்பதில்லை. உரத்த ஒலி ஒன்று எழும்போது அதற்கு அண்மையான சுருதியிலுள்ள மெல்லிய ஒலியை அது மறைத்துவிடும். எனவே மறையும் ஒலியைச் சேமிக்க வேண்டியதில்லை என்பது அம்முறையின் அடிப்படை. சுருக்கத்தின் பெரும்பகுதி இந்த நீக்கத்தினாலேயே கிடைக்கிறது. நீக்கிய பகுதியைப் பின்னர் மீட்க முடியாது. இதை மாணவர்க்கு விளக்கும்போது அதன் நுட்பத்தை வியந்திருக்கிறேன். அந்த ஆய்வாளர்கள், எதை நீக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன் மனிதச் செவியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். செவியுள்ள மாந்தரை அமர்த்திக் கேட்பித்துச் சோதித்தார்கள். நான் ஒரு பிற்பகலில், கேளாமலே, என் குடும்பத்தின் ஒலியில் எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

2022 மார்ச் மாத இறுதியில், நாட்டின் நெருக்கடி முற்றி, நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்ற நாட்களில், நான் அம்மாவிடம் போயிருந்தேன். மாலை ஆறரைக்கே மலை இருண்டுவிட்டது. மெழுகுவர்த்தியும் தட்டுப்பாடு. தொலைக்காட்சி இல்லை, கைத்தொலைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டது. பையிற் கிடந்த பழைய கருவியில் மட்டும் உயிர் இருந்தது. அம்மாவுக்கு ஒரு காதொலிப்பானைக் கொடுத்து மற்றதை நான் வைத்துக்கொண்டு, அந்த நாடாவின் பாட்டுகளைப் போட்டேன். அப்பாவின் நாடாவை அம்மா பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கவில்லை. மாமாவின் ரதி புலம்பல் தொடங்கியதும் அவர் கண்களை மூடிக்கொண்டார். அது முடிந்து அடுத்த பாட்டு தொடங்கிய உடனே கண்ணைத் திறந்தார்.

“எடையில எங்கப்பா?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

“மாமா பாடி முடிச்சதும் இந்தப் பாட்டு வராதே. எடையில அப்பாயி பேசினாங்களே, அது எங்க?”

அப்பாயி அந்த நாடாவில் இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இறந்த அப்பாயி. சாவு வீட்டில் அவர் ஒப்பாரி எடுத்தால் அடுத்த டிவிசனிலிருந்தும் ஆட்கள் வந்து நின்று கேட்பார்கள் என்பார்கள். அவர் குரல் எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை என்று நான் பலரிடம் வருந்திச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா சொன்னார். அந்த இரவிலே அம்மாவே அடுப்படியில் நின்று எல்லாருக்கும் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர். மணமாகி வந்த புதிய மருமகள். மாமாவின் பாட்டு முடிந்ததும் பெண்களிற் சிலருக்குத் தாங்கவில்லை. ஒருத்தி ஒப்பாரி எடுக்கத் தொடங்கிவிட்டாள். அப்பாவும், “அம்மா, நீயும் ஒண்ணு சொல்லும்மா, மாமா கொண்டுபோய் வச்சுக் கேக்கட்டும்” என்று கருவியை அப்பாயியின் முன்னே நகர்த்தினார். அப்பாயி கையைக் காட்டித் தடுத்தார்.

“உசுரோட போறவனுக்கு எதுக்கு ஒப்பாரி? எந்தம்பி திரும்பி வருவான். சாயத்தண்ணி ஆறுது, எல்லாரும் குடிங்க.”

இவ்வளவுதான். பத்து விநாடிப் பேச்சு. ஒலிநாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். அப்படியாயின் அப்பாயி அந்த நாடாவில் இருந்த இடம் ஏறத்தாழ ஒரு முழம். அந்த ஒரு முழத்தை நான் வெட்டி எறிந்துவிட்டேன். பாட்டு அல்ல என்பதனால் வெட்டினேன். அவர் பாட மறுத்தார் என்பதே அன்றிரவு நடந்தவற்றுள் முதன்மையானது என்பதை என் கண் கண்ட மலைத்தொடர் எனக்குக் காட்டவில்லை. மாமா திரும்பி வரவில்லை. 1984 இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் போக்குவரத்தும் நின்றது. அவர் கூடலூரிலே இறந்தார் என்று சில காலத்தின் பின் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த நாளன்று அப்பாயி இஸ்தோப்பில் அமர்ந்து, தம்பிக்காக வைத்திருந்த ஒப்பாரியை விடிய விடிய எடுத்தாராம். அப்போது ஒலிப்பதிவுக் கருவி எதுவும் அருகில் இல்லை.

மறுநாட் காலை முதல் வேலையாக அட்டத்தில் ஏறித் தகரத்தை எடுத்தேன். தகரக் கூரையின் ஆணித் துளை ஒன்றின் வழியாகப் பல மழைக்காலத்து நீர் அதனுள் இறங்கியிருந்தது. ‘மாமா போறது 1981’ என்ற எழுத்து கலங்கியிருந்தது. நாடா முழுவதும் வெண் பூஞ்சணம் படர்ந்து சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தது. பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் பொறுமையாகப் பிரித்துச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் பக்கத்திற் சிறிது கேட்டது. முதற்பக்கம் துண்டு துண்டாக அறுந்தது. அவர் செய்யக்கூடியதெல்லாம் செய்தார். மாமா கொண்டுசென்ற பிரதி இருக்கக்கூடும் என்று நீலகிரியிலுள்ள அவர் பிள்ளைகளிடம் விசாரித்தேன். நாடா இருந்ததாம், ஆனால் ஒரு மார்கழியில் கோயிலில் ஒலிபரப்புவதற்கு வேறு நாடா கிடைக்காமையால் அதன்மேல் பக்திப் பாடல்களைப் பதிந்துவிட்டார்களாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்களிடம் நாடா இல்லை, ஆகவே அழித்தார்கள். என்னிடம் பதினாறாயிரம் கோடி பைட்டுகள் இருந்தன.

இந்தக் கணக்கையும் பின்னர் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் முப்பத்தெட்டு நாடாக்களும் தொண்ணூறு நிமிட நாடாக்கள் என்றே கொண்டு, ஓர் இருமலையும் விடாமல் பதிந்திருந்தாலும், அவை என் கருவியின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற் செல்லா. அப்பாயியின் பத்து விநாடிக்கு வேண்டிய இடம் பாடல் ஒன்றின் இருபத்துநான்கில் ஒரு பங்கு. ஒருநாளும் ஒலிக்காத பதினாலாயிரம் பாடல்களுக்கு இடங்கொடுத்த கருவி அதற்கும் இடங்கொடுத்திருக்கும். இடம் கருவியிலே இருந்தது. பொறுமையாக இருந்து கேட்கும் இடம் என்னிடம் இல்லாமற் போயிற்று.

அந்த ஆண்டு மே மாதத்தில், ஐபொட் வரிசையின் கடைசிக் கருவியும் இனி உற்பத்தி செய்யப்படமாட்டாது என்ற செய்தி வந்தது. பெருங்கொள்ளளவு வன்தட்டுக் கருவியை அதன் உற்பத்தியாளர் 2014 இலேயே கைவிட்டிருந்தனர். இன்று இளைஞர் கைத்தொலைபேசியில் இணையத்தின் வழியே கேட்கின்றனர். அவர்களுக்குப் பாடலைச் சேர்த்து வைக்கும் தொல்லையும் இல்லை. கோடிக்கணக்கான பாடல்கள் எங்கோ ஒரு களஞ்சியத்தில் இருக்கின்றன, வேண்டியபோது வருகின்றன. அந்தக் களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும், மஸ்கெலியாவிலோ லிந்துலையிலோ ஒரு காம்பராவில் ஒரு கிழவி சொன்ன வார்த்தையை எவரும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அதில் இராது என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் முதலில் நினைக்க வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலை 1983 இல் தந்தார். அதற்கு அடுத்த ஆண்டு காலமானார். மெட்டை ஏட்டில் எழுத முடியாது. குரலின் நடுக்கத்தை அச்சில் ஏற்ற முடியாது. ஆயினும் அந்நூல் நமக்கு இருக்கிறது. ஏனெனில் அவர் மக்கள் நடுவிலே இருந்து செவிகொடுத்தார். அவருக்கு வாய்க்காத கருவிகள் எல்லாம் நமக்கு வாய்த்துள்ளன. 2023 ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்றார்கள். அவ்வழியில் முதன்முதல் நடந்து வந்தவர்கள் என்ன பேசினார்கள், எதற்காகப் பாட மறுத்தார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த விடுமுறையில் அம்மாவை அதே காம்பராவில் அமர்த்தி, எஞ்சியிருந்த பதினொரு கோவைகளையும் வரிசையாக ஒலிக்கவிட்டேன். இம்முறை காதொலிப்பானில் அல்ல, சிறு ஒலிபெருக்கி ஒன்றில். ஒலி கேட்டு அயல் வீட்டாரும் வந்து இஸ்தோப்பில் அமர்ந்தனர். மற்றொரு கருவி அனைத்தையும் பதிந்துகொண்டிருந்தது. நான் வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் அம்மா கையை உயர்த்துவார். ஒலியை நிறுத்துவேன். “இந்த எடத்துல தாத்தா இருமினாரு.” “இதுல கொழந்த அழுதிச்சு, அது இப்ப கூடலூருல பேரன் பேத்தி எடுத்திருச்சு.” “இப்ப மழ புடிச்சிச்சு, தகரத்துல சத்தம், அதான் சத்தமாப் பாடுறாங்க.” அப்பாயியின் இடம் வந்ததும் அம்மா அந்த வார்த்தைகளை மீண்டும் சொன்னார். சொன்னது அம்மாவின் குரல். அழுத்தமும் அதட்டலும் அப்பாயியுடையவை என்று வயது சென்ற அயல்வீட்டு அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்தப் பதிவு இரண்டேகால் மணிநேரம் நீள்கிறது. அதில் நான் ஒரு விநாடியையும் வெட்டவில்லை. யார் யார் பேசினார்கள், எந்தத் தோட்டம், எந்த நாள் என்பவற்றை எழுதிச் சேர்த்திருக்கிறேன். மூன்று பிரதிகள் எடுத்து மூன்று இடங்களில் வைத்துள்ளேன்; ஒன்று கூடலூருக்குப் போயிற்று.

என் கருவியின் மின்கலம் இப்போது முதுமை எய்திவிட்டது. அரை நாளுக்கு மேல் தாங்குவதில்லை. ஒலிக்காத அந்தப் பதினாலாயிரம் பாடல்களையும் அழித்துவிட்டேன். பெரும் பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ நண்பர்கள் பலருடைய வீடுகளில் இன்னும் அப்பாயிமார் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது உங்கள் கைத்தொலைபேசியை அவர்கள் அருகில் வையுங்கள். பாடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர்கள் தேத்தண்ணி ஊற்றும் சத்தமும் பதியட்டும்.